தரையில் கிடந்த மூட்டைகள்

"அணையைத் திறந்துட்டாங்க. மூணு மணி நேரத்துல உங்க தெருவுல தண்ணி. எல்லாருக்கும் சொல்லிடுங்க."

தாலுகா ஆபீஸிலிருந்து வந்த போனை வைத்ததும் ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினேன். சர்க்கரை மொத்த வியாபாரம் என் பிழைப்பு. தெருவுக்கு வெள்ளச் செய்தி சொல்வது என் பொறுப்பு.

"எல்லாரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புங்க!"

தொண்டை கிழியக் கத்தியும் ஒருவரும் அசையவில்லை. தையல்காரர் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, விளையாட்டில்ல. புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுக் கிளம்புங்க."

"போப்பா. வெள்ளம் வந்தா எங்களுக்குத் தெரியாதா?"

"எப்படித் தெரியும்?"

தையல்காரர் ஊசியால் என் கடையைக் காட்டினார். நூறு மூட்டைச் சர்க்கரையும் தரையில் கிடந்தது.

"நிஜமா வெள்ளம்னா அதெல்லாம் இந்நேரம் மாடிக்குப் போயிருக்குமே, முதலாளி? போன வருஷம் நீங்க மூட்டை ஏத்துறதைப் பாத்துத்தானே நாங்க தப்பிச்சோம்!"

குற்றம் சொல்லும் குரல்கூட இல்லை அது.

போன வருஷம் கடைசி மூட்டையும் மாடியேறிய பிறகுதான் ஒலிபெருக்கியைத் தொட்டேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தும் ஒரு வருஷமாக மனசு உறுத்தியது. அந்தப் பாவத்தைக் கழுவத்தான் இந்த முறை சரக்கைத் தொடாமல் ஓடிவந்தேன்.

ஒலிபெருக்கியைக் கீழே வைத்தேன். கடைக்குப் போய், தெருவே பார்க்கும்படி ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றினேன்.

நான் மாடிப்படியை எட்டுவதற்குள் அக்கா பிள்ளைகளோடு தெருமுனையைத் தாண்டியிருந்தாள்.