திறக்காத கதவு

"ஏங்க, கைப்பிடி சும்மா சுத்துது. கதவு திறக்கல!" படுக்கையறைக்குள்ளிருந்து மனைவி கத்தினாள்.

ஆறு மாதமாக ஆடிக்கொண்டிருந்த கைப்பிடி. ஞாயிற்றுக்கிழமை வந்தால் சரிசெய்துவிடுவதாக அவர் வாக்குக் கொடுத்தபடியே இருந்தார்.

டூல்ஸ் பெட்டியைக் கவிழ்த்தார். துருப்பிடித்த ஸ்க்ரூ அசைய மறுத்தது. ஸ்க்ரூடிரைவர் நழுவி விரலைப் பதம் பார்த்தது.

"கார்பென்டரக் கூப்பிடுங்களேன்."

"சும்மா இரு! எனக்குத் தெரியும்."

எண்ணெய் விட்டார், தட்டினார், யாரையோ திட்டினார். கைப்பிடியைக் கழற்றி, உடைந்த ஸ்பிரிங்கை மாற்றி, மறுபடி பொருத்தினார்.

"இப்ப ஆடுதா பாரு."

"இல்லீங்க, கெட்டியா இருக்கு."

"அப்புறம் ஏன்டி திறக்க மாட்டேங்குது?" அழாத குறையாகக் கேட்டார்.

"எதுக்கும் இன்னொரு தடவ தள்ளுங்க."

தள்ளினார். கதவு திறந்தது.

"பயந்துட்டியா?"

"ரொம்ப."

வியர்வை வழிய அவர் குளிக்கப் போனதும், அவள் தங்கைக்குப் போன் செய்தாள்.

"முடிஞ்சுதுடி! மூணு மணி நேரம் உள்தாழ்ப்பாளப் போட்டுக்கிட்டு உட்காந்திருந்தேன். அடுத்தது சமையலறைக் குழாய். அதுக்குள்ள எப்படி மாட்டிக்கிறதுன்னுதான் தெரியல!"