சீனியருக்கு வந்த காய்ச்சல்

"அடியே ஸ்வீட்டி, அந்த போனை எடுக்காத! அடிச்சு ஓயட்டும்!"

ஜல்லிக் கரண்டியும் கையுமாக அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள் அமலராணி. அதற்குள் மகள் போனைக் காதில் வைத்துவிட்டாள்.

"யெஸ் சார்... ஓகே சார்... ரெடியாத்தான் இருக்கேன் சார்!"

கிறிஸ்துமஸ் காலை. ஆவூரில் வீட்டுக்கு வீடு பிரியாணி வாசம் கிளம்பியிருந்தது. தெருவே புதுத்துணியில் மினுக்க, ஸ்வீட்டி மட்டும் யூனிஃபார்ம் மாட்டி, கொண்டை போட்டு, விடிந்ததிலிருந்து போனையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திருச்சியில் விமானப் பணிப்பெண். இன்றைக்கு அவளுக்கு 'ரிசர்வ்' டூட்டி. பறக்க வேண்டியவர்களில் யாராவது வர முடியாமல் போனால், ரிசர்வில் இருப்பவரைக் கூப்பிடுவார்கள். யாரும் கூப்பிடக் கூடாது என்று காலைப் பூசையில் அமலராணி வேண்டாத புனிதர் பாக்கியில்லை. ஒருத்தரும் காது கொடுக்கவில்லை போலிருக்கிறது.

"யாருக்குடி என்ன வந்துச்சாம்?"

"ஷர்லி மேடத்துக்குக் காய்ச்சலாம்மா."

"அது எப்படிடி, நல்ல நாள் பெரிய நாள்னா மட்டும் ஒங்க சீனியருக்குக் காய்ச்சல் வருது? ஈஸ்டர் தேருக்கு நம்ம வீட்டுக்கு வந்து, ஒரு சட்டி கோட்டைப்பட்டினம் நண்டைக் காலி பண்ணிட்டுப் போனவதானே! சீனியருக்கு வீட்டுல பிரியாணி, ஜூனியருக்கு ரிசர்வ். இதுதான் ஒங்க கம்பெனி நியாயமா?"

"சீனியாரிட்டின்னா அப்படித்தாம்மா. நானும் ஒருநா சீனியர் ஆவேன்ல."

கண்ணாடி முன் நின்று உதட்டுச் சாயத்தைச் சரிசெய்தபடி சொன்னாள் ஸ்வீட்டி. துளி கோபமில்லை. பெற்றவளுக்குத்தான் பொறுக்கவில்லை.

இன்றைக்குத்தானா இப்படி நடக்க வேண்டும்? மூன்று வருஷத்துக்குப் பிறகு அவள் கணவர் அடைக்கலசாமி ஷார்ஜாவிலிருந்து இன்று இரவு வீட்டுக்கு வருகிறார். "பி.எஸ்சி. படிச்சது ஊராளுகளுக்குக் காப்பி ஊத்திக் குடுக்கவா?" என்று கத்திவிட்டு மகளோடு பேச்சை நிறுத்தியவர். போனில் "அவகிட்ட குடுக்கவா?" என்று கேட்டாலே பட்டென்று வைத்துவிடுவார். பட்டுச்சேலை கட்டி மகள் எதிரே வந்து நின்றால் மனுஷன் கரைந்துவிடுவார் என்று அமலராணி ஒரு மாதமாகத் திட்டம் போட்டிருந்தாள். சேலைகூட எடுத்தாயிற்று. இப்போது மகள் இல்லாத வீட்டுக்குள் அவர் நுழைந்தால்? "பாத்தியா, பண்டிகை அன்னைக்குக்கூட வீடு தங்கல" என்பார். அப்புறம் ஜென்மத்துக்கும் அவர்களைச் சேர்த்துவைக்க முடியாது.

"அப்பா வரயில நீ இல்லேன்னா என்ன ஆகும்னு தெரியுமாடி ஒனக்கு?"

"ஒரே சுத்துதாம்மா, போன ஃபிளைட்டுலயே திரும்பிருவேன். அப்பா வீட்டுக்கு வாரப்ப நானும் வந்துருவேன்."

"கிழிச்ச! தீபாவளிக்கு இதையே சொல்லிட்டு மறுநாள் வந்தவதானே நீ!"

வாசலில் கம்பெனி கார் ஹாரன் அடித்தது. ஸ்வீட்டி அம்மாவின் கன்னத்தில் அவசரமாக ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, பெட்டியை உருட்டிக்கொண்டு ஓடினாள். திருவிழாவுக்குப் போகிறவள்கூட அத்தனை வேகமாகப் போகமாட்டாள்.

அமலராணிக்கு ஆத்திரம் அடங்கவில்லை. பெற்ற மகள் வாயில்லாப் பூச்சியாக இருந்தால் அம்மாவுமா அப்படி இருக்க வேண்டும்? ஈஸ்டர் அன்று வாங்கி வைத்த ஷர்லியின் நம்பரைத் தேடிப் போட்டாள்.

"ஹாப்பி கிறிஸ்துமஸ்மா!"

குரல் கணீரென்று இருந்தது. இருமல் இல்லை, தும்மல் இல்லை. பின்னால் குக்கர் விசில் வேறு.

"ஏம்மா ஷர்லி, இதுதான் ஒன் காய்ச்சலா? நீ கோழி அடிச்சுக் கொழம்பு வைக்க, எம் மக பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடணுமா? மூணு வருஷமாப் பேசாத அப்பனும் மகளும் இன்னைக்காவது சேருவாங்கன்னு நான் தவங்கெடந்தேன். அதுல மண்ணைப் போட்டுட்டியே! சீனியர்னா ஈவு எரக்கமே இருக்காதா?"

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"ஸ்வீட்டி கெளம்பிட்டாளாம்மா?"

"கெளம்பிட்டா! ஒனக்கு இப்பக் குளுந்துச்சா?"

"ரொம்பக் குளுந்துச்சும்மா. நான் இப்பச் சொல்றத அப்பாகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க. ஒங்க வாயில எதுவும் தங்காதுன்னுதான் அவ ஒங்ககிட்டயே மறைச்சா. இன்னைக்கு ரிசர்வை அவளேதான் கேட்டு வாங்கினா. 'மேடம், ஒங்களுக்குக் கிறிஸ்துமஸ் அன்னைக்குக் காய்ச்சல் வரணும்'னு ரெண்டு மாசமா எங்கிட்டக் கெஞ்சல்."

"என்னம்மா ஒளர்ற?"

"சீனியர் டூட்டியை ஜூனியருக்கு மாத்திவிட எங்க கம்பெனியில வழியில்லம்மா. நான் படுத்தாத்தான் ரிசர்வ்ல இருக்கறவளைக் கூப்புடுவாங்க. இன்னைக்கு எனக்குப் போட்டிருந்தது ஷார்ஜா ஃபிளைட். அப்பா ஏறி வாரது அதுலதான்."

அமலராணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். போனில் ஷர்லி சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள்:

"வீட்டுல எதிர வந்து நின்னா, அப்பா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு அங்கிட்டுப் போயிருவாராம். ஃபிளைட்டுல சீட்டுல உக்கார வச்சு, இவ கையால பெல்ட்டைப் போட்டுவிட்டுட்டா, நாலு மணி நேரத்துக்கு மனுஷன் எங்கிட்டும் போக முடியாதுல்லம்மா!"