பாதை மறித்த நாள்

காட்டுப் பாதையில் ஊர்வலம் போக நத்தைகளுக்கு ஆசை. ஆனால் அது யானைகள் போய்வரும் வழி, மிதிபட்டால் அவ்வளவுதான். ஒரு காலைப்பொழுதுக்கு அதை மறித்துத் தரும் பொறுப்பை முள்ளம்பன்றி ஏற்றுக்கொண்டது.

முந்தின நாளே அது ஒவ்வொருவரையும் தேடிப் போனது. "நாளைக்கு மட்டும் மூங்கில் தோப்பைச் சுத்திப் போறீங்களாண்ணே?" என்று யானையிடம் கேட்டது.

"முன்னாடியே சொன்னியே, அது போதும்," என்றது யானை. மான்களும் சம்மதித்தன.

ஆமை மட்டும் தயங்கியது. "எனக்கு முட்டையிடுற நேரம் தம்பி. நாளைக்கு ஆத்து மணலுக்குப் போயாகணும். சுத்திப் போக உடம்புல தெம்பில்லை."

முள்ளம்பன்றிக்குச் சங்கடமாகிவிட்டது. ஒருவருக்கு வழிவிட்டால் மற்றவர்களை எப்படித் தடுப்பது? நத்தைகளிடமே போய் விஷயத்தைச் சொன்னது.

நத்தைத் தலைவி யோசிக்கவே இல்லை. "அக்காவை எங்ககூடவே நடக்கச் சொல்லு. எங்களைவிடவா மெதுவா நடந்துடப் போறாங்க?"

மறுநாள் ஆலமரத்தடியில் முள்ளம்பன்றி முட்களை விரித்துக் காவல் நின்றது. ஆமையை முன்னே விட்டு ஊர்வலம் வந்தது. ஆலமரத்தோடு திரும்பியிருக்க வேண்டிய நத்தைகள் திரும்பவில்லை. ஆற்று மணல்வரை ஆமையுடனே போயின. அவை போவதைப் பார்த்த முள்ளம்பன்றி, வெயில் ஏறிய பிறகும் பாதையை விட்டு நகரவில்லை.