நாளையிலிருந்து பாதுகாப்பு

"சார், திரைச்சீலைக்குக் கீழே ரெண்டு கால் தெரியுது. ஒளிஞ்சது போதும், கதவைத் திறங்க!"

இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தார். அந்த வீட்டில் வாடகைக்கு இருக்கும் அம்மா போனிலேயே எச்சரித்திருந்தார்: "பாலிசி எடுக்க எனக்கு இஷ்டம்தான். எங்க வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைக்கிறது உங்க சாமர்த்தியம். இன்ஷூரன்ஸ்னாலே மனுஷன் ஓடி ஒளிஞ்சுக்குவார். அவருக்கு இன்னைக்கு லீவு, வீட்லதான் இருப்பார்."

ஏஜென்டுக்கோ இந்த மாதம் ஒரு பாலிசிகூடத் தேறவில்லை. இதுவும் கைநழுவினால் வேலைக்கே வேட்டு என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

"திறக்கலைன்னா வாசல்லயே உட்கார்ந்துடுவேன்!"

கதவு திறந்தது. கையில் பெரிய பையுடன் ஒருவர், முகமெல்லாம் வியர்வை.

"வெளியூரா சார்?"

"ஆமா... அவசரமாக் கிளம்பறேன்."

"அஞ்சே நிமிஷம். வாடகை வீடானாலும் சாமானுக்கு இன்ஷூரன்ஸ் வேணும் சார்." ஏஜென்ட் சோபாவில் அழுத்தமாக உட்கார்ந்தார். "ஃபேனைப் போடுங்களேன்."

அவர் ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டினார். டியூப்லைட் எரிந்தது, வாசல் விளக்கு எரிந்தது, கடைசியில் ஒருவழியாக ஃபேன் சுற்றியது.

"வீட்டுல எல்லாம் அம்மா ராஜ்யம் போல! எங்க வீட்லயும் இதே கதைதான்" என்று ஏஜென்ட் சிரித்தார்.

"வீடே வாடகை. இதுக்கு எதுக்கு இன்ஷூரன்ஸ்? ஓனர் எடுத்திருப்பாரே?"

"இங்கதான் எல்லாரும் கோட்டை விடறாங்க. ஓனர் எடுத்தது சுவருக்கும் கூரைக்கும். தீப்பிடிச்சா அவருக்குச் சுவர் திரும்பக் கிடைக்கும், உங்களுக்குச் சாம்பல்தான். டிவி, துணிமணி, நகை எல்லாம் உங்க பாடு."

அவர் பையை இறுக்கிக்கொண்டார். "திருடு போனா?"

"பாலிசி இருந்தா, புதுசா வாங்கற விலையைக் கொடுத்துடுவோம்."

"முழுசாவா? அப்ப வீட்டுப் பொம்பளைங்க அழ வேண்டியதே இல்லையா?"

"கண்ணுல ஒரு சொட்டு வராது."

அவர் முகம் தெளிந்தது. இப்படி உருகி உருகிக் கேட்ட ஆளை ஏஜென்ட் பார்த்ததே இல்லை. அவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

"எடுத்துடுங்க சார், கண்டிப்பா எடுத்துடுங்க! இப்பவே அமலுக்கு வந்துடும்ல?"

"நாளைக் காலைலேர்ந்துதான்."

"இன்னைக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"கையை விரிச்சுடுவோம்."

அவர் பெருமூச்சு விட்டார். பையைத் திறந்து, வளையல், சங்கிலி, கேமரா என்று ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தார். "இதெல்லாத்தையும் சேர்த்து எழுதிக்குங்க."

"ஊருக்குப் போகலையா?"

"நாளைக்குப் பார்த்துக்கறேன். இருங்க, தண்ணி கொண்டு வர்றேன்" என்று காலிப் பையோடு சமையலறைக்குள் போனார்.

ஏஜென்டுக்குத் தலைகால் புரியவில்லை. உடனே போன் போட்டார். "அம்மா, சார் சம்மதிச்சுட்டார்!"

"அதெப்படிங்க? நீங்க வர்றீங்கன்னு சொன்னதுமே மனுஷன் என் பின்னாலயே வந்து, எங்க ஆபீஸ் கேன்டீன்ல ஒளிஞ்சுட்டு இருக்காரே!"

உள்ளே ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொண்டது. ஏஜென்ட் எட்டிப் பார்த்தார். சமையலறையில் யாரும் இல்லை.

போனில் சொன்னார்: "அம்மா, பாலிசியோட ஜன்னலுக்கு நல்லதா ஒரு கொக்கியும் போட்டுடுங்க. இவர் நாளைக்கு வர்றதாச் சொல்லிட்டுப் போயிருக்கார்."