தட்டில் கிடந்த போல்ட்

ஜோதிமணியின் ஜீப்புக்கு கியர் ஆயிலும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலும் மாற்றி அனுப்பிய பிறகுதான், விஜயநகர் மெக்கானிக் ஆறுமுகசாமி தட்டில் கிடந்த டிரெயின் போல்ட்டைப் பார்த்தார். நாலு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் அடி ஓட்டையை மூட வேண்டியது அது. அது இல்லாமல் ஊற்றிய ஆயில் அப்போதே கொட்டியிருக்க வேண்டும். தரை காய்ந்து கிடந்தது. மாதேஸ்வரன் மலைக்குப் போன ஜோதிமணிக்குப் போன் கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் ஜீப் வந்தது.

"வலி எடுத்த மகளை மழைச் சேத்துல மலையிலிருந்து எறக்கிட்டேனுங்க. நாலு சக்கரமும் இழுத்துச்சு. பேத்தி பொறந்திருக்கா. எல்லாம் உங்க கைராசிங்க," என்றாள் ஜோதிமணி.

ஆறுமுகசாமி வண்டிக்கடியில் படுத்தார். ஓட்டை திறந்தே இருந்தது. அதன் விளிம்புவரை ஆயில் அசையாமல் நின்றது.

போல்ட்டை உள்ளங்கைகளுக்குள் வைத்துக் கும்பிட்டார். "போதும் சாமி. இனி நான் பாத்துக்கறேன்."

முதல் சொட்டு அவர் நெற்றியில் விழுந்தது.