முன்னால் போகிறவன் கை

சைக்கிளில் வரிசையாகப் போகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு, கண்ணுகளா. குழியைக் கண்டால் முன்னால் போகிறவன் கையை இறக்கிக் காட்ட வேண்டும். பின்னால் வருகிறவன் அந்தக் கையை நம்பித்தான் மிதிப்பான்.

போன வருட நெடுந்தூரப் போட்டியில் மருந்துக்கடைக்காரர் கையைக் காட்டவில்லை. பின்னால் வந்த மனைவியின் தம்பி தன்னை முந்திவிடுவானோ என்று, பாலத்துக் குழியைப் பார்த்தும் பேசாமல் விலகிப் போனார். அவன் பிழைக்கவில்லை. "கொட்டுற மழையில எனக்கே தெரியலையே!" என்று வீட்டில் வந்து அழுதார்.

இந்த வருடமும் அதே மழை. கண்ணைத் திறக்க முடியவில்லை. மருந்துக்கடைக்காரருக்கு முன்னால் ஒரு பச்சை மழைக்கோட்டு போனது. ஒவ்வொரு குழிக்கும் அந்தக் கை தவறாமல் இறங்கியது.

"உன் புண்ணியத்துல தப்பிச்சேன் தம்பி! மூஞ்சியைத்தான் காட்டேன்!"

"மூச்சை மிச்சம் பிடிங்க மாமா. பாலம் வருதுல்ல?"

அவரை மாமா என்று கூப்பிட உலகத்தில் ஒருவன்தான் இருந்தான். பிரேக்கைப் பிடித்தார். நனைந்த சக்கரம் கேட்கவில்லை.

பச்சைக் கோட்டு குழித் தண்ணீரின் மேல் ஓர் அலைகூட எழுப்பாமல் போனது. கைகள் இரண்டும் ஹேண்டில்பாரிலேயே இருந்தன.