காலனிக்குள் வந்த அம்மன்

அந்தக் கதையை முப்பது வருஷமாக மேடைக்கு மேடை சொல்லிக்கொண்டிருந்தாலும், அதன் கடைசி வரியைப் பாண்டியனால் நம்ப முடிந்ததே இல்லை.

கதை இதுதான். அம்மன் ஊர்வலம் காலனிக்குள் போகக்கூடாது என்று ஊரே மறித்து நின்ற நாளில், கட்சித் தலைவர் கோதண்டபாணி, அம்மனைச் சுமக்கும் தண்டைத் தன் தோளிலிருந்து காலனி வீரபத்திரன் தோளுக்கு மாற்றினார். அன்றோடு அந்த ஊரில் தீண்டாமை ஒழிந்தது.

நாளைக்குக் கோதண்டபாணிக்குச் சிலை திறப்பு. பாண்டியன்தான் பேச்சாளர். இருப்புக்கொள்ளாமல் வீரபத்திரனின் பஞ்சர் கடைக்கே வந்துவிட்டார்.

"வாங்க பேச்சாளரே! பஞ்சர் வண்டியிலயா, பேச்சுலயா?"

"கிண்டல் இருக்கட்டும்ணா. நாளைக்கும் அந்தக் கதையைச் சொல்லட்டுமா?"

"சொல்லுபா. நெசந்தானே? ஜனம் கல்லைத் தூக்கிக்கினு நின்னுச்சு. அவரு அசரல. 'நட வீரா'ன்னாரு."

"அன்னியோட எல்லாம் ஒழிஞ்சிடுச்சுன்னு முடிக்கலாமா?"

வீரபத்திரன் டியூபைத் தண்ணீரில் அமுக்கினார். "மறுநாள் விடியக்காலைல மஞ்சத் தண்ணி ஊத்தித் தண்டைக் கழுவுனாங்க. வேலியாண்ட நின்னு பார்த்துக்கினுதான் இருந்தேன்."

பாண்டியன் டியூபையே பார்த்துக்கொண்டு கேட்டார். "கழுவச் சொன்னது?"

"அவரேதான். எலக்சன் வந்துக்கினு இருந்துச்சு. ஊரைச் சமாதானம் பண்ணணுமே!"

"அதைப் பார்த்துமா அடுத்த வருஷம் தோள் கொடுக்க வந்தீங்க?"

"வந்தேன். கழுவுனாங்க. அதுக்கு அடுத்த வருசமும் வந்தேன். அப்பவும் கழுவுனாங்க. நாலாவது வருசம் அவங்களுக்கே சலிச்சுப் போச்சு!" வீரபத்திரன் வாய்விட்டுச் சிரித்தார்.

பாண்டியனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"இதை ஏன்ணா யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா தலைவருக்கு ஒண்ணும் ஆவாது. கொடத்தைத் தூக்கி ஊத்துன ஆளுக்குத்தான் அசிங்கம். அது நல்லா பேசற ஆளு. பேசிப் பேசியே ஒருநாள் மாறிடும்னு விட்டுட்டேன்."

டியூபிலிருந்து கையை எடுத்து, வேட்டியில் துடைத்துக்கொண்டார் வீரபத்திரன்.

கடைசியில் பாண்டியன் கேட்டே விட்டார்.

"ணா... அது நான்தான்னு தெரிஞ்சுமா, நான் பேசின ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்து முன்வரிசையில உக்காந்தீங்க?"